பெட்டைப் பூனைக்கு ஆபரேஷன்: வயிற்றிலா, விலாவிலா?

பூனைக் கருத்தடை பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. திருநெல்வேலிப் பக்கம் 20 வருடமாக நாயும் பூனையும் பார்க்கிற கால்நடை மருத்துவர் நான். ஒரே மாதிரி கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து: டாக்டரம்மா, எங்கள் பூனைக்கு ஐந்து மாதம். ஒரு டாக்டர் நடுவயிற்றில் கீறிச் செய்வேன் என்கிறார். இன்னொருவர் விலாப்பக்கம்தான் நல்லது என்கிறார். யார் பேச்சைக் கேட்க?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அவரவர் கை பழகின வழியை அவரவர் சொல்கிறார்கள்.

நடுவயிற்றில் இரண்டு பக்கத் தசையும் வந்து சேருகிற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு இருக்கும். அதன் மேலேயே கீறினால் தசையை வெட்ட வேண்டியதில்லை, ரத்தமும் அதிகம் வராது. ஆபரேஷனில் எடுக்க வேண்டிய சினைப்பை (கருமுட்டை உண்டாகிற உறுப்பு) இடது, வலது இரண்டும் கைக்கு எட்டும். உள்ளே ரத்தக்குழாய்க் கட்டு நழுவிவிட்டால் உடனே கீறலை நீட்டித் தேடிப் பிடிக்கலாம். ஆனால் குடலின் பாரம் முழுக்க அந்தத் தையல் மேல்தான் இருக்கும். தையல் விட்டுப்போவது அபூர்வம், விட்டால் ஆபத்து.

விலாப்பக்கம் என்றால் பெரும்பாலும் இடது பக்கம்தான். உள்ளங்கை அகலத்துக்கு முடியைச் சிரைத்து, மூன்று அடுக்குத் தசையை விலக்கி உள்ளே போக வேண்டும். குடல் அந்தப் பக்கம் அழுத்தாது. ஓரமாக நின்று பார்த்தாலே புண் தெரியும், பூனையைத் தூக்கிப் புரட்ட வேண்டாம். தசை வழியாகப் போவதால் முதல் இரண்டு நாள் வலி சற்றுக் கூடுதல் என்பது என் அனுபவம். மறுபக்கச் சினைப்பையை அந்தச் சின்னத் துவாரம் வழியாகவே இழுத்து எடுக்க வேண்டும், அதற்குப் பழகின கை வேண்டும்.

சினையாகாத பூனையின் கர்ப்பப்பைக் கிளை பொட்டலம் கட்டுகிற சணல் அளவுக்குத்தான் இருக்கும். சினைப்பை, ஊறவைத்த தட்டப்பயறு மாதிரி. அதைப் பிடித்து வெளியே இழுக்கிற நேரம்தான் ஆபரேஷனிலேயே வலி அதிகமான நேரம். அந்த நேரம் மயக்கம் ஆழமாக இருக்கிறதா, முன்கூட்டியே வலி ஊசி போட்டாச்சா என்பதுதான் எனக்குக் கீறல் எங்கே என்பதைவிடப் பெரிய விஷயம். அதனால் டாக்டரிடம் மூன்று கேளுங்கள்: நீங்கள் அதிகம் செய்கிற முறை எது? வலிக்கு என்ன கொடுப்பீர்கள்? மயக்கத்தில் இருக்கும்போது பக்கத்தில் இருந்து மூச்சையும் நாடியையும் யார் பார்ப்பார்கள்? இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்கிறவரிடம், அவர் சொல்கிற வழியிலேயே செய்துகொள்ளுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் முக்கியம். பூனை சினையாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ, கர்ப்பப்பையில் சீழ் இருந்தாலோ நடுவயிறுதான். தொழிலுக்கு வந்த புதிதில், 'கடுவன் எதுவும் வீட்டுப்பக்கம் வரலை' என்ற பேச்சை நம்பி ஒரு பூனைக்கு விலாவில் கீறினேன். உள்ளே நாலு குட்டி. கர்ப்பப்பை அந்தத் துவாரத்தில் வரவில்லை, தசையை வெட்டி நீட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பூனை நாலு நாள் ஒருக்களித்தே கிடந்தது. பிழைத்துவிட்டது, ஆனால் அது கிடந்த கிடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து வயிற்றைத் தடவிப் பார்க்காமல், சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுக்காமல் நான் கத்தியைத் தொடுவதில்லை.

கல்லிடைக்குறிச்சி: எங்கள் பூனை குட்டி போட்டு ஆறு வாரம். பால் கொடுக்கிறது. இப்போதே செய்யலாமா?

குட்டிகள் தானாகச் சோறு தின்ன ஆரம்பித்துவிட்டன என்றால் செய்யலாம். விலாப்பக்கம் உண்மையாகவே உதவுவது இந்த மாதிரிப் பூனைக்குத்தான். நடுவயிற்றில் இரண்டு வரிசையும் பால் கட்டி வீங்கியிருக்கும். அங்கே கீறினால் பால் புண்ணில் கசியும், குட்டிகள் முட்டி முட்டித் தையலைக் கிளறும். மயக்கம் நன்றாகத் தெளிந்த பிறகு குட்டிகளிடம் விடலாம்.

பால் வற்றட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளாதீர்கள். பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினையாகும். சினைக்காலமும் ஒன்பது வாரம்தான். பகல் நீளமாக இருக்கிற நாட்களில்தான் பூனைக்குப் பருவம் வரும். குளிர்நாடுகளில் மார்கழி மாதிரி மாதங்களில் ஓய்வு கிடைக்கும். நம் ஊரில் ஆனியின் பகலுக்கும் மார்கழியின் பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம், அதனால் வருடம் பூராவும் குட்டிதான்.

மேலப்பாளையம்: அக்கா, துளைபோட்டுக் கேமரா வைத்துச் செய்கிற ஆபரேஷன் பூனைக்கும் உண்டாமே? பணம் கூடப் போனாலும் பரவாயில்லை.

உண்டு. வயிற்றைக் கரியமில வாயுவால் உப்ப வைத்து, மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் துளை இரண்டோ மூன்றோ போட்டு, ரத்தக்குழாயைச் சூட்டில் ஒட்டவைத்துச் சினைப்பையை எடுப்பார்கள். இழுத்து எடுக்கிற வேலை இல்லாததால் வலி குறைவு. பெரிய நாய்க்கு இது பெரிய வித்தியாசம். பூனைக்குச் சாதாரண ஆபரேஷனிலேயே கீறல் இரண்டு சென்டிமீட்டர்தான் என்பதால் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் பழகின ஆள் இருந்தால் செய்யுங்கள். அதற்காகப் பூனையைக் கூடையில் அடைத்து ராத்திரி முழுக்க ரயிலில் கொண்டுபோவதை நான் சொல்ல மாட்டேன். துளைபோட்டுச் செய்வதால் குறைகிற வலியைவிட அந்தப் பயணத்தின் பயம் அதிகம்.

அம்பாசமுத்திரம்: சினைப்பையை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார்கள். கர்ப்பப்பையை விட்டுவிட்டால் பின்னால் சீழ் பிடிக்காதா?

பிடிக்காது. கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கக் காரணம் சினைப்பையிலிருந்து வருகிற ஹார்மோன். ஆரோக்கியமான இளம் பூனைக்குச் சினைப்பை மட்டும் எடுத்தாலும் போதும், இரண்டையும் எடுத்தாலும் சரி. கர்ப்பப்பையிலேயே கோளாறு இருந்தால் இரண்டையும் எடுத்தாக வேண்டும். ஒரு துணுக்குச் சினைப்பை உள்ளே தங்கிவிட்டால்தான் சிக்கல். ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்துப் பூனை மறுபடி தரையில் உருண்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ராத்திரி கத்தினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வள்ளியூர்: ஒரு ஈத்தாவது போடட்டும், அப்புறம் செய்யலாம் என்கிறார்கள் எங்கள் ஆச்சி.

ஆச்சியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அதனால் பூனைக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் செய்த பூனைகளுக்கு மார்புப் புற்று வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறைவு, ஒரு வயதுக்குள் என்றால் 86 சதவீதம் என்று ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. பூனைக்கு வருகிற மார்புக் கட்டி பெரும்பாலும் புற்றுதான்.

தாழையூத்து: ஆபரேஷனுக்குப் பதில் ஊசி போட்டால் என்ன?

வேண்டாம். அந்த ஹார்மோன் ஊசியால் கர்ப்பப்பைச் சீழும் மார்புக் கட்டியும் வந்த பூனைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

பேட்டை: எங்கள் டீக்கடைப் பக்கம் மூன்று பெட்டைப் பூனை. நாங்கள் நாலு பேர் காசு போட்டுச் செய்யலாம் என்றிருக்கிறோம். பிடித்துப் புண்ணைப் பார்க்க முடியாது.

நல்லா இருங்கள் தம்பி. சினை இல்லை என்றால் விலாப்பக்கம் செய்யச் சொல்லுங்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தையலைப் பார்த்துவிடலாம். தானாகக் கரைகிற நூலால் தோலுக்கு உள்ளேயே தைக்கச் சொல்லுங்கள், தையல் பிரிக்கப் பிடிக்க வேண்டாம். மயக்கத்திலேயே காது நுனியை லேசாக வெட்டி அடையாளம் வைக்கச் சொல்லுங்கள், வேறு யாரும் மறுபடி பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். வெறிநாய்த் தடுப்பூசியும் அப்போதே போட்டுவிடலாம். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்துப் பாருங்கள்.

வீரவநல்லூர்: ஆபரேஷன் ஆகி மூன்று நாள். தையல் இடத்தில் கட்டியாக இருக்கிறது. வலிக்கு வீட்டில் இருக்கிற பாரசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா? மஞ்சள் வைக்கலாமா?

பாரசிட்டமாலைக் கையிலேயே எடுக்காதீர்கள். அதை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. கால் மாத்திரையே உயிரைக் கொண்டுபோகும். முகம் வீங்கும், ஈறு பழுப்பாகும், மூச்சு வாங்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இதைப் படிப்பதை விட்டுவிட்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மஞ்சளும் வேண்டாம், டெட்டாலும் வேண்டாம். டெட்டால் பூனைக்கு விஷம், நக்கியே உள்ளே போய்விடும்.

சுண்டைக்காய் அளவுக்குக் கெட்டியான கட்டி, சூடில்லை, ஈரமில்லை, பூனை தின்கிறது என்றால் அது நூலைச் சுற்றி வருகிற வீக்கம், சில வாரத்தில் கரையும். மெதுமெதுவென்று பெரிதாகிக்கொண்டே போனாலோ, ஈரம் கசிந்தாலோ, ஈறு வெளுத்தாலோ ராத்திரியானாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு போடுங்கள். கூம்புக்கு முரண்டு பிடிக்கிற பூனைக்குப் பழைய பனியனின் கைப்பகுதியை வெட்டி, நாலு காலுக்கும் ஓட்டை போட்டு மாட்டினால் பேசாமல் இருக்கும்.

களக்காடு: நாளைக்குக் காலையில் ஆபரேஷன். பஸ்ஸில் கொண்டுபோகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

எத்தனை மணிக்குச் சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்று இன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிப் பூனை என்றால் ராத்திரி முழுக்கப் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை இறங்கி மயக்கத்திலிருந்து எழ முடியாமல் போகும். காற்று போகிற கூடையாகப் பார்த்து, மூடியைக் கயிற்றால் இரண்டு பக்கமும் கட்டுங்கள். உள்ளே ஒரு துணி, மேலே ஒரு துணி. மூடி இருட்டாக இருந்தால் பஸ் சத்தத்துக்கு அவ்வளவு பயப்படாது.

திரும்பி வந்ததும் சிமெண்டுத் தரையில் கிடத்தாதீர்கள். மயக்கத்தில் உடம்புச் சூடு குறைந்திருக்கும், சாக்கு விரித்து அதன் மேல் பழைய வேட்டியைப் போட்டுப் படுக்க வையுங்கள். முழுக்கத் தெளிந்து நேராக நடக்கிறவரை வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். அன்றைக்கு ராத்திரி மட்டும் கதவு சாத்திய அறையில் வையுங்கள். மயக்கம் பாதி தெளிந்த பூனை பழக்கத்தில் சுவரேறப் பார்க்கும், கால் பிடிக்காது. புறவாசலில் கிணறோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் மறக்காமல் மூடிவிடுங்கள்.