வாசகர் கேள்வி: பங்கோர் தீவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பலாமா?

கேள்வி: என் பேத்தி மலேசியாவில் ஈப்போ பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் தொண்டாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. கடற்கரையுள்ள ஒரு தீவுக்குப் போய் அன்றே திரும்ப வேண்டுமாம். எங்கே போகச் சொல்லலாம்?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: பங்கோருக்குப் போகச் சொல்லுங்கள் ஆச்சி. ஈப்போவிலிருந்து படகு ஏறும் ஊரான லுமுட் சுமார் 85 கி.மீ., பேருந்தில் 2 மணி நேரம் ஆகும். இறங்கிய இடத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம். ஃபெர்ரியில் 30 முதல் 45 நிமிடம்.

கூட இருப்பவர்கள் பெர்ஹெந்தியான், ரெடாங் என்று ஆசை காட்டுவார்கள். அவை கிழக்குக் கரைத் தீவுகள். ஒரு நாளில் போய்த் திரும்ப முடியாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் கொந்தளிக்கும், விடுதிகளையே மூடிவிடுவார்கள். பங்கோர் மேற்கே மலாக்கா நீரிணையில் ஒதுங்கியிருக்கிறது. மழை வரலாம், ஆனால் அந்த அளவுக்குக் கொந்தளிப்பு இருக்காது. பெயர் ஒன்றுபோல் இருக்கும் பங்கோர் லாவுட் வேறு தீவு. அது தனியார் விடுதிக்குச் சொந்தமானது, அதற்குச் சீட்டு எடுத்துவிட வேண்டாம்.

புதிதாகப் போகிறவர்கள் தவறுவது ஃபெர்ரியில்தான். அது முதலில் சுங்கை பினாங் கெச்சில் துறையில் நிற்கும். அங்கே இறங்காமல் அடுத்து வரும் பங்கோர் ஊர்த்துறையில் இறங்க வேண்டும். துறை கிழக்குப் பக்கம், குளிக்கும் கரை மேற்குப் பக்கம். இளஞ்சிவப்பு வேன்கள் நிற்கும். ஏறுவதற்கு முன்பே தெலுக் நீப்பா கடற்கரை வரை கட்டணம் பேசி, திரும்பக் கூட்டிவரும் நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். அங்கிருந்து கோரல் பே என்ற அடுத்த கடற்கரை நடக்கும் தூரம்தான். இரண்டில் ஒன்றில் பாயை விரித்து உட்காரட்டும். 1670இல் டச்சுக்காரர்கள் வெள்ளீய வணிகத்துக்குக் கட்டிய கோட்டையும் தீவில் உண்டு. அதையும் பார்க்கிறேன், தீவையும் சுற்றுகிறேன் என்று கிளம்பினால் ஓய்வு போய்விடும், மறுநாள் வகுப்பில் நிற்கக் கால் வராது.

திரும்பும் கணக்கைக் கடைசிப் பேருந்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும், ஃபெர்ரியிலிருந்து அல்ல. லுமுட்டில் இறங்கியதுமே இரண்டின் கடைசி நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். வேனுக்கு 20 நிமிடம், துறையில் காத்திருக்க அரை மணி, ஃபெர்ரிக்கு முக்கால் மணி, கைக்காவலாக இன்னும் 25 நிமிடம். ஆக, 6 மணிப் பேருந்துக்கு 4 மணிக்கே மணலை விட்டு எழுந்தாக வேண்டும். சாயங்காலம் தெலுக் நீப்பாவுக்கு வரும் இருவாச்சிப் பறவைகளைப் பார்க்க முடியாது. அது இராத் தங்குபவர்களுக்குத்தான். பள்ளியில் கேட்டு வாரநாளில் விடுப்பு வாங்க முடிந்தால் கூட்டமும் குறைவாக இருக்கும்.

கேள்வி: நீச்சல் தெரியாதவர்கள் அங்கே கடலில் இறங்கலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: இடுப்பளவோடு நிற்பதானால் இறங்கலாம். எதிரே கியாம் என்ற குட்டித் தீவு கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அதைப் பார்த்து நீந்தக் கிளம்பக் கூடாது, இடையில் நீரோட்டம் இழுக்கும். உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு படகில் போகலாம்.

சிறு புட்டியில் வினிகர் இருக்கட்டும். ஜெல்லிமீன் பட்டால் தேய்க்கவோ நல்ல தண்ணீரில் கழுவவோ கூடாது, ஒட்டியிருக்கும் கொட்டுச் செல்கள் மேலும் வெடித்து விஷம் ஏறும். வினிகரை அரை நிமிடமாவது ஊற்றிவிட்டு, இழைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். மூச்சு முட்டினாலோ நெஞ்சு அடைத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தீவு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 4 பாகைதான். கடற்காற்றில் சூடு உறைக்காது, இரவில்தான் தோல் எரியும். சன்ஸ்கிரீனை 2 மணி நேரத்துக்கு ஒரு முறையும், குளித்துத் துடைத்த பின்பும் பூச வேண்டும். 11 முதல் 3 வரை நிழலில் இருப்பது நல்லது.

கேள்வி: மகனுக்குச் சீப்புச் சீடையும் தேன்குழலும் கொடுத்துவிட்டிருக்கிறோம். தீவுக்கு எடுத்துப் போகலாமா?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: தாராளமாக. ஆனால் ஓலைக் கொட்டானும் பிளாஸ்டிக் பையும் வேண்டாம், கரையோரக் குரங்குகள் நொடியில் பறித்துவிடும். திருகுமூடி டப்பாவில் போட்டுப் பைக்குள் வைக்கட்டும். வரும்போது பங்கோர் நெத்திலிக் கருவாடு வாங்கினால் இரண்டு உறை போட்டுக் கட்டச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பேருந்து முழுக்க மணக்கும்.