எல்லா நிலநடுக்கத்துக்கும் ஒரே மூலை அதிர்வெண்ணா?

நண்பரே, கர்வால் இமயமலையில் 2, 3 அளவு நிலநடுக்கங்கள் எல்லாவற்றுக்கும் மூலை அதிர்வெண் (அதற்கு மேலே அலையின் வலு சரியத் தொடங்கும் அதிர்வெண்) 15 ஹெர்ட்ஸ் என்றே வருவதாக எழுதியிருந்தீர்கள். அது பெரும்பாலும் நிலநடுக்கப் பிளவின் குணம் இல்லை, பதிவு நிலையத்துக்கு அடியில் இருக்கும் சிதைந்த பாறையின் வேலை. உயர் அதிர்வெண்களை அது விழுங்கிவிடும். தகைவு வீழ்ச்சி, அதாவது பிளவு நகரும்போது பாறையில் குறையும் இறுக்கம், மாறாதிருந்தால், அளவு ஒன்று குறையும்போது மூலை அதிர்வெண் சுமார் 3 மடங்கு ஏற வேண்டும். தகைவு வீழ்ச்சியைக் கணிக்கும் புரூன் சூத்திரத்தில் மூலை அதிர்வெண்ணின் முப்படி வருகிறது. அதைப் பாதியாகக் கணித்தாலே தகைவு வீழ்ச்சி 8-ல் ஒரு பங்காகிவிடும்.

ஒரே நிலநடுக்கத்தின் நிறமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்ற வரைபடம்) மட்டும் நம்பாதீர்கள். அதே இடத்தில் அளவில் ஒன்றாவது குறைந்த அதிர்வைத் தேடி, ஒரே நிலையத்தில் பதிவான இரண்டின் எஸ் அலை (குறுக்கலை) நிறமாலைகளை ஒன்றால் ஒன்றை வகுத்துப் பாருங்கள். பாதையின் விளைவும் மண்ணின் விளைவும் பெருமளவு கழிந்துவிடும். அப்புறம், கருவி நொடிக்கு 100 மாதிரிதான் பதிவு செய்கிறது என்றால் 40 ஹெர்ட்ஸுக்கு மேல் வளைவைப் பொருத்த வேண்டாம். 200 மாதிரிப் பதிவு கிடைத்தால் விடாதீர்கள்.