வரவு 125 கோடி பவுண்ட், அப்புறம் ஏன் கடன்?

அறக்கட்டளைக் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வுபெற்ற ஆடிட்டர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்

கேள்வி: பிரிட்டனின் கல்வி, கலாசார அமைப்பான பிரிட்டிஷ் கவுன்சிலின் பழைய ஆண்டறிக்கை ஒன்றைப் பார்த்தேன். 2018-19-இல் மொத்த வரவு ஏறக்குறைய 125 கோடி பவுண்ட். இவ்வளவு வருமானம் உள்ள நிறுவனம் பத்து ஆண்டுகளில் காணாமல் போய்விடலாம் என்று அதன் தலைமை நிர்வாகியே 2025 ஜனவரியில் எச்சரித்தாராமே, எப்படி? (கல்லூரி விரிவுரையாளர், திருச்சி)

இந்தக் கேள்விக்கு என்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டர் ஆவதற்கான பயிற்சி, செய்த நாட்களில் சென்னை அண்ணா சாலையில் இருந்த அவர்கள் நூலகத்தில்தான் என் சனிக்கிழமைகள் கழிந்தன. சொந்தமாக வாங்க வழியில்லாத தணிக்கைப் புத்தகங்களை அங்கே உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். பக்கத்து மேஜையில் ஒருவர் நாடகம் படிப்பார், இன்னொருவர் பயிர் நோய் பற்றிப் படிப்பார். நாங்கள் கட்டிய சந்தாவில் அந்த ஏ.சி. ஓடியிருக்காது. பிறகு யார் பணம் அது? பல ஆண்டுகள் கழித்து அவர்கள் ஆண்டறிக்கையைப் படிக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு விளங்கியது.

1934-இல் தொடங்கிய நிறுவனம் அது. 1940-இல் அரச சாசனம் பெற்றது, 1948-இல் இந்தியாவுக்கு வந்தது. அரசுப் பணத்தில் நடக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். நீங்கள் பார்த்த அந்த ஆண்டில் அரசு மானியம் மொத்த வரவில் சுமார் 15 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்ட பணம் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தும் தேர்வு நடத்தியும் சம்பாதித்தது. மீதியில் பெரும்பகுதி, மற்ற அரசுகளுக்கும் அமைப்புகளுக்கும் ஒப்பந்தத்தில் வேலை செய்து வந்தது.

அந்தத் தேர்வுக் கட்டணத்தில் நம் வீட்டுப் பணமும் இருந்தது. வெளிநாட்டில் படிக்கப் போக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதிய பிள்ளைகள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அப்பா பி.எஃப். பணத்தை எடுத்துக் கட்டிய கட்டணத்தில், செலவு போக மிஞ்சியதிலிருந்து ஒரு பங்கு, ஏதோ ஒரு நாட்டில் கண்காட்சியாகவும் நூலக அலமாரியாகவும் மாறியிருக்கும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. அறக்கட்டளை லாபத்தைப் பங்குபோடுவதில்லை, உபரியை நோக்கத்துக்கே திருப்பிவிடுகிறது. ஆனால் ஆண்டுதோறும் அப்படித் திருப்பிவிட்டால் கையிருப்பு பெரிதாகச் சேராது. வரவு 125 கோடி என்றாலும் ஆசிரியர் சம்பளம், தேர்வு மையச் செலவு, வாடகை எல்லாம் அதோடு சேர்ந்தே வளர்ந்திருந்தன.

2020-இல் கொரோனா வந்தது. வகுப்பறைகள் பூட்டப்பட்டன, தேர்வுகள் நின்றன. 2020-21-இல் மொத்த வரவு 100 கோடி பவுண்டுக்குக் கீழே இறங்கியது. சம்பளமும் வாடகையும் அதே வேகத்தில் இறங்குமா? சரி, மானியம்தான் இருக்கிறதே என்பீர்கள். அதில் பெரும்பங்கு வளரும் நாடுகளுக்கான உதவி என்ற கணக்கில் வருவது. பாரிஸில் பள்ளியை மூடி விழுந்த பள்ளத்தை அந்தப் பணத்தால் நிரப்ப முடியாது. கலாசார நிறுவனத்தின் கணக்கைப் படிப்பவர்கள் முதலில் இதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்: இஷ்டப்படி செலவழிக்கக்கூடிய பணம் எவ்வளவு, இன்னதற்குத்தான் என்று கட்டிவைத்த பணம் எவ்வளவு?

அப்போது பிரிட்டிஷ் அரசு கைகொடுத்தது, ஆனால் மானியமாகத் தரவில்லை, கடனாகத் தந்தது. 19.7 கோடி பவுண்ட், அதுவும் சந்தை வட்டிக்கு. வட்டி மட்டும் ஆண்டுக்கு ஒரு கோடி பவுண்டுக்கு மேல் போகிறது. நிறுவனத்தின் தவறால் வராத இழப்புக்கு, அதே அரசின் நோக்கத்துக்காக உழைக்கிற அமைப்பிடம் சந்தை வட்டி வாங்குவது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை மானியமாக மாற்றியிருக்க வேண்டும்.

2021-இல் இந்தியாவில் தாங்கள் நடத்திவந்த ஐஇஎல்டிஎஸ் தேர்வுத் தொழிலை ஆஸ்திரேலியாவின் ஐடிபி நிறுவனத்துக்கு விற்றார்கள். விலை 13 கோடி பவுண்ட். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை. விளையும் நிலத்தை விற்று ஒரு வருஷத்துப் பஞ்சத்தைத் தாண்டுவது போன்ற காரியம் இது. வந்த பணம் ஒருமுறை வரவு. போனது ஆண்டுதோறும் வரும் வருமானம், அதுவும் இந்தியா போன்ற பெரிய சந்தையில். விற்ற பிறகும் அந்தக் கடன் அப்படியே நின்றது. அதே ஆண்டில், இருபது நாடுகளில் அலுவலகத்தை மூடுவதாகவோ வேறு நாட்டிலிருந்து கவனித்துக்கொள்வதாகவோ அறிவிப்பு வந்தது. 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகியாக இருந்த ஸ்காட் மெக்டொனால்டின் எச்சரிக்கையை இதோடு சேர்த்துப் பாருங்கள், மிகையாகத் தெரியாது.

கேள்வி: பிரிட்டிஷ் கவுன்சிலிடம் விலைமதிப்பற்ற ஓவியங்கள் இருக்கின்றனவாம். விற்றுக் கடனை அடைக்க வேண்டியதுதானே? (வாசகர், மதுரை)

1938 முதல் சேர்த்தவை, ஏறக்குறைய 9,000 படைப்புகள். ஹென்றி மூர், லூசியன் ஃபிராய்டு, டேவிட் ஹாக்னி போன்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் கலைஞர்கள் எல்லோரும் அதில் உண்டு. கடனுக்கு ஈடாக இந்தத் தொகுப்பை அரசே எடுத்துக்கொள்ளட்டும் என்றுகூட நிர்வாகம் முன்வந்தது. ஆனால் நிபந்தனையோடு நன்கொடையாக வந்த படைப்பைக் கோயில் நகையை விற்க முடியாதது போலத்தான் விற்க முடியாது. இன்னொன்றும் உண்டு. நிரந்தரக் காட்சிக்கூடம் இல்லாமல், ஊர் ஊராக நாடு நாடாகப் போய்க் காட்டுவதற்கென்றே சேர்த்த தொகுப்பு அது. ஏலத்தில் போனால் யாரோ ஒருவரின் வரவேற்பறையில் தொங்கும். நான் விற்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எங்கள் ஊரில் சிறிய ஆய்வு நூலகம் ஒன்றை அறக்கட்டளையாக நடத்துகிறோம். ஆண்டுக் கணக்கில் எதை முதலில் பார்க்க வேண்டும்? (செயலாளர், கும்பகோணம் பக்கம்)

கையிருப்பை மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள். நாளைக்கே எல்லா வரவும் நின்றால் எத்தனை மாதம் விளக்கு எரியும் என்பது தெரிந்துவிடும். நான் தணிக்கை செய்த ஒரு சிறிய அமைப்பில் விடை ஒன்றரை மாதம் என்று வந்தது. அத்தனைக்கும் வங்கியில் 11 லட்சம் இருந்தது, ஆனால் அதில் 9 லட்சம் ஓலைச்சுவடிகளைப் படியெடுக்க என்று குறிப்பிட்டு வந்த நிதி. நூலகருக்குச் சம்பளம் தர அதிலிருந்து எடுத்துவிட்டு, "அப்புறம் திருப்பிப் போட்டுவிடலாம் சார்" என்றார் பொருளாளர். நல்ல மனிதர், அரும்பாடுபட்டவர். அந்தப் பணத்தைத் திருப்பிப் போட அவர்களுக்கு நான்கு ஆண்டுகள் ஆயின, அந்த நான்கு ஆண்டும் சுவடிகள் பெட்டியிலேயே கிடந்தன. குறித்த நோக்கத்துக்கு வரும் பணத்துக்கு இந்த மாதமே தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள்.