சம்பளம் தள்ளிப்போகும் சின்னக் கம்பெனி: கேள்வி பதில்

கோவை, திருப்பூர், ஓசூர்ப் பக்கம் சிறு நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நடுவில் ஒரு முதலாளியும் கேட்டிருக்கிறார். அவருக்கும் பதில் உண்டு.

கோவை, பம்ப் உதிரிபாக ஒர்க்‌ஷாப்: மூணு மாசமா சம்பளம் 20ந்தேதி, 25ந்தேதின்னு தள்ளிப்போகுதுங்க. ஓனர் நல்ல மனுஷன். சட்டப்படி எது கடைசித் தேதி?

மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். வாரச் சம்பளம் என்றால் வார லீவுக்கு முந்தைய கடைசி வேலைநாள். தினக்கூலி என்றால் ஷிப்ட் முடியும்போதே. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. பழைய 1936 சட்டத்தில் மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களுக்கு இடமில்லை. இப்போது அந்த வரம்பு போய்விட்டது. சூப்பர்வைசர், கணக்குப் பிள்ளை, மேனேஜர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

ஓனர் நல்லவராகவே இருக்கட்டும். 8ஆம் தேதி காலையில் அவருக்கு ஒரு வாட்ஸ்அப் போடுங்கள்: "சார், ஜூன் மாதச் சம்பளம் ரூ.18,500 இன்னும் வரவில்லை. எந்தத் தேதியில் கிடைக்கும் என்று சொன்னால் வீட்டு வாடகைக்கு ஏற்பாடு செய்துகொள்வேன்." இதில் சண்டை எதுவும் இல்லை. ஆனால் "25க்குள்ள போட்டுடறேன்பா" என்று அவர் பதில் போட்டால் மாதம், தொகை, பாக்கி மூன்றையும் எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும். போன் செய்தாலோ நேரில் கேட்டாலோ இது கிடைக்காது. ஆறு மாதம் வாய்ப்பேச்சிலேயே ஓட்டிவிட்டு அப்புறம் ஆதாரம் தேடுவதுதான் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம்.

ஓசூர், கணக்குப் பிரிவு: கம்பெனி தேறுமா, மூழ்குமா? எதைப் பார்த்து முடிவு பண்றது?

உங்கள் பிஎஃப் பாஸ்புக்கைப் பாருங்கள். சம்பளத் தேதியைவிட அது உண்மை பேசும். ஒரு மாதத்துக்கான பிஎஃப், இஎஸ்ஐ இரண்டையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளம் தாமதமானாலும் பிஎஃப் ஒழுங்காக ஏறினால் முதலாளி இன்னும் கணக்கைக் கையில் வைத்திருக்கிறார். உங்கள் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்துவிட்டுக் கட்டவில்லை என்றால் அடுத்தவர் பணத்தில் கம்பெனி ஓடுகிறது. அது நம்பிக்கை மோசடிக் குற்றம். போலீஸ் வழக்கு வரைக்கும் போகும். பிஎஃப் குறைதீர்க்கும் இணையதளத்தில் யுஏஎன் என்ற உங்கள் பிஎஃப் எண்ணைக் கொடுத்து நீங்களே புகார் பதியலாம்.

அடுத்து, தாமதத்துக்குக் காரணம் என்ன என்று பாருங்கள். ஆர்டர் இருக்கிறது, பார்ட்டி பணம் வரவில்லை என்றால் இரண்டு மாதம் பொறுப்பதில் தப்பில்லை. ஆர்டரே இல்லை, மூலப்பொருள் கொடுப்பவர் கையில் காசு வைத்தால்தான் சரக்கு இறக்குகிறார், முக்கியமான இரண்டு பேருக்கு மட்டும் சம்பளம் போகிறது என்றால் அன்றே வேறு வேலை தேட ஆரம்பியுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதெல்லாம் முதலில் தெரியும். தெரிந்தும் கடைசியாகக் கிளம்புவது பெரும்பாலும் அவர்தான்.

திருப்பூர், டைலர், பீஸ் ரேட்: வவுச்சர்ல கையெழுத்துப் போடுங்க, பணம் திங்கக்கிழமைங்கறாங்க. போடலாமாங்க?

போடக் கூடாது. சம்பளம் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு சட்டப்படி முதலாளியுடையது. நீங்கள் கையெழுத்துப் போட்ட வவுச்சர் அந்த நிரூபணத்தை அவர் கையில் கொடுத்துவிடும். தவிர்க்கவே முடியாவிட்டால் கையெழுத்துக்கு மேலேயே "பெற்றது ரூ.4,000, பாக்கி ரூ.5,600" என்று தேதியோடு எழுதிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் வேண்டாம்.

பீஸ் ரேட் கூலியும் சம்பளம்தான். என்ன ஸ்டைல், எத்தனை பீஸ், என்ன ரேட் என்று தினமும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஐடி கார்டு, இஎஸ்ஐ எண், ஜிபே வரவு, வேலை க்ரூப்பில் வந்த மெசேஜ் எல்லாம் நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்குச் சாட்சி. போனை மாற்றும்போது சாட் அழிந்துபோகாமல் பாருங்கள்.

சம்பளப் பாக்கி 62,000க்கு ஓனர் தேதி போட்டு செக் கொடுத்திருக்கார். நம்பலாமா?

வெறும் வாக்குறுதிக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் கெடு எல்லாமே குறுகியவை. செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பினால், வங்கி தகவல் தந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து நோட்டீஸ் போக வேண்டும். டெலிவரி ஆனதற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அவருக்கு நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். உங்கள் வங்கிக் கிளை இருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம்.

"இப்போ போடாதப்பா, அக்கவுண்ட்ல காசில்ல" என்று அவர் சொல்வார். மூன்று மாதம் கேட்டுக்கொண்டே இருந்தால் செக் வெறும் காகிதம். தேதி தாண்டப்போகிறது என்றால் புதுச் செக் கையில் வந்த பிறகுதான் பழையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

புகார் எங்கே கொடுக்கணும்? வக்கீல் செலவு ஆகுமே.

பணத்தைக் கேட்கும் கோரிக்கை மனு தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும். மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் சம்பளக் கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரி யார் என்று கேட்டு அவர் பெயருக்குக் கொடுங்கள். ஃபேக்டரி லைசன்ஸ் உள்ள இடத்தில் ஆய்வு செய்யச் சொல்வது என்றால் அது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மனு மேசை மேசையாக அலையும்.

மனுவோடு ஒரு பக்கக் கணக்கு இணையுங்கள்: மாதம், பேசிய சம்பளம், வந்தது, வந்த தேதி, பாக்கி. "போனஸ் தர்றேன்னு சொன்னார்" மாதிரி ஆதாரமில்லாததைச் சேர்த்தால் விசாரணை அதிலேயே சிக்கிக்கொள்ளும். எத்தனை பேரும் சேர்ந்து ஒரே மனு கொடுக்கலாம்; தனியாளாகப் போவதைவிட இது நல்லது. பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு இடமுண்டு. அவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். ஆனாலும் பல முதலாளிகள் விசாரணைக்கு முன்னால் சமாதானம் பேச வருவது அந்த விதிக்குப் பயந்துதான். புதுச் சட்டத்தில் கெடு 3 வருடம், பழையதில் 12 மாதம். 12 மாதத்துக்குள்ளேயே கொடுத்துவிட்டால் எந்தச் சிக்கலும் இல்லை.

வக்கீலுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. உதவி எண் 15100. பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் இலவச வக்கீல் பெறும் தகுதி சட்டத்திலேயே இருக்கிறது.

சம்பளம் வர்ற வரைக்கும் எல்லாரும் சேர்ந்து வேலைக்கு வராம இருக்கலாமா?

வேண்டாம். புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்கூட்டியே நோட்டீஸ் வேண்டும். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் லீவு போட்டாலும் வேலைநிறுத்தமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பக்கம் இருந்த நியாயத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டதாகிவிடும்.

ஈஎம்ஐ 5ஆம் தேதி, சம்பளம் 25ஆம் தேதி. ஒவ்வொரு மாசமும் பவுன்ஸ் ஆகுது.

பவுன்ஸ் ஆன பிறகு போனால் அபராதத்தைத்தான் பேச முடியும். தேதிக்குப் பத்து நாள் முன்னால் வங்கிக்குப் போய், தவணைத் தேதியை மாதக் கடைசிக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கைமாற்று வேண்டுமென்றால் கூட்டுறவு வங்கி நகைக்கடன். மீட்டர் வட்டிக்குப் போகவே போகாதீர்கள். ஒரு மாதத் தாமதத்தை மூன்று வருடக் கடனாக மாற்றுவது அதுதான்.

வராத சம்பளத்துக்கும் வருமான வரியா?

ஆமாம். சம்பளத்துக்கு வரி, கிடைத்த தேதி அல்லது கிடைக்க வேண்டிய தேதி, எது முந்தியதோ அதன்படி. டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) பிடித்துவிட்டு முதலாளி கட்டாமல் விட்டால் அந்தத் தொகையைத் துறை உங்களிடம் கேட்க முடியாது. பிடித்ததைக் காட்டும் பே-ஸ்லிப்பைப் பத்திரமாக வையுங்கள்.

திருப்பூர், ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கேன், 22 பேர். எக்ஸ்போர்ட்டர் 120 நாளாப் பணம் தரலை. நான் என்னங்க பண்றது?

முதலில் ஆட்களிடம் பேசுங்கள்: 7ஆம் தேதிக்கு முன்பே, எவ்வளவு, எந்தத் தேதி என்று. காப்பாற்ற முடியாத தேதியைச் சொல்லாதீர்கள். இருக்கிற காசில் குறைந்த சம்பளக்காரர்களுக்கு முழுசாகக் கொடுங்கள். எல்லோருக்கும் பாதி என்றால் ஹெல்பர் வீட்டில்தான் முதலில் அடுப்பு அணையும். பிஎஃப்-பில் கை வைக்க வேண்டாம். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதோடு மாதத்துக்கு 1 சதவீத அபராதம்.

எக்ஸ்போர்ட்டரிடம்: உங்களுக்கு உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா? இருந்தால் 2006 சிறு, குறு தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் அவர் இழுக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. மத்திய சிறு தொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். ஆர்டர் நின்றுவிடும் என்ற பயம் நியாயமானதுதான். அதனால் முதலில் இந்த வட்டிக் கணக்கைப் போட்டு ஒரு கடிதம் மட்டும் அனுப்பிப் பாருங்கள். அவர் டிரெட்ஸில் (சிறு தொழில்களின் பில்லை முன்கூட்டியே பணமாக்கும் ஆன்லைன் தளம்) இருந்தால் பில்லை அங்கே தள்ளுபடி செய்து முன்கூட்டியே பணமாக்கலாம்.

ரிசைன் பண்ணி ஒரு மாசம் ஆச்சு. செட்டில்மென்ட் வரலை.

இரண்டு வேலைநாளுக்குள் சம்பளப் பாக்கி வந்திருக்க வேண்டும். 5 வருடம் முடித்திருந்தால் பணிக்கொடை தனி. அதற்கு 30 நாள். சம்பளப் பாக்கிக்கு மேலே சொன்ன மனுதான் வழி.

கம்பெனி திவாலாகி என்சிஎல்டிக்கு (தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) போயிடுச்சு. பாக்கி அவ்வளவுதானா?

பிரைவேட் லிமிடெட் அல்லது எல்எல்பி (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை) போன்ற நிறுவனம் என்றால்தான் இந்தப் பாதை. பத்திரிகை அறிவிப்பில் கடைசித் தேதியும் தீர்ப்பாயம் நியமித்த பொறுப்பாளரின் முகவரியும் இருக்கும். அதற்குள் படிவம் 'டி'யில் பாக்கியைக் கோருங்கள். சும்மா இருந்தால் பட்டியலில் உங்கள் பெயர் வராது. கம்பெனியைக் கலைத்தால் தொழிலாளர்களின் கடைசி 24 மாதப் பாக்கி, அடமானம் வாங்கிய வங்கிகளோடு சமவரிசையில் நிற்கும். மற்ற ஊழியர்களுக்கு 12 மாதம், அதற்கு அடுத்த வரிசை. நடவடிக்கை முடியும்வரை மற்ற வழக்குகள் நிற்கும். தொழிலாளர் அலுவலக மனுவை நம்பிக் காத்திருக்க வேண்டாம். உங்கள் கம்பெனி ஒரே ஓனர் தன் பெயரில் நடத்தும் புரொப்ரைட்டர்ஷிப்பாக இருந்தால் கதை வேறு: அங்கே கம்பெனியும் ஓனரும் ஒன்றுதான், பாக்கிக்கு அவருடைய சொந்தச் சொத்தும் பொறுப்பு. போர்டில் பெயருக்குப் பின்னால் 'பிரைவேட் லிமிடெட்' இருக்கிறதா என்று நாளைக்குப் போகும்போது பாருங்கள்.