பதில்: கணினியில் 40 மூட்டை, ஸ்டோரில் 31 மூட்டை

அண்ணே, சிங்கப்பூர் தேக்கா கடையில் பொன்னி அரிசி கணினியில் 40 மூட்டை காட்டுகிறது, உள்ளே எண்ணினால் 31தான், அதனால் புது மென்பொருள் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். எங்கள் கடையிலும் இதே கூத்துதான். திருட்டு என்று பையன்களைச் சந்தேகப்பட்டு (இன்னும் சங்கடமாக இருக்கிறது), கடைசியில் பார்த்தால் மூட்டையைப் பிரித்து ஒரு கிலோ பொட்டலமாக விற்றதை எவரும் கணினியில் பதியவே இல்லை. 25 கிலோ மூட்டை பிரித்தால் மூட்டைக் கணக்கில் ஒன்று கழிய வேண்டும், பொட்டலக் கணக்கில் 25 ஏற வேண்டும். அது இல்லாமல் எந்த மென்பொருள் வந்தாலும் இதே கதைதான். ஒரு வாரம் கடை சாத்துமுன் பத்துச் சாமானை மட்டும் எண்ணுங்கள், ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

அப்புறமும் வாங்கத்தான் வேண்டும் என்றால் பிஎஸ்ஜி மானியம் (சிறு, நடுத்தர நிறுவனங்கள் மென்பொருள் போன்றவை வாங்க சிங்கப்பூர் அரசு தரும் உதவி) பாருங்கள், தகுதி இருந்தால் செலவில் 50 சதவீதம் வரை கிடைக்கும், ஆனால் விண்ணப்பிக்குமுன் கையெழுத்துப் போட்டு முன்பணம் கட்டிவிட்டால் போச்சு. பழையதை நிறுத்துமுன் விற்பனைப் பதிவுகளை இறக்கி வையுங்கள், ஜிஎஸ்டி பதிவுள்ள கடை 5 ஆண்டுக் கணக்கு வைத்திருக்க வேண்டும்.