சின்ன யானையில் மண் எவ்வளவு ஏற்றலாம்? – வாசகர் கேள்வி பதில்

சேலத்தில் வீட்டுத் தோட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். புல்தரை, கல் பாதை, தாமரைத் தொட்டி என எந்த வேலையானாலும் மண்ணும் கல்லும் என் வண்டியில்தான் வரும். பதினெட்டு வருஷமாக நானே ஓட்டுகிறேன். சென்ற இதழில் தோட்டத்துக்கு மண் மாற்றுவது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மண்ணைக் கொண்டுவரும் வண்டியைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த முறை முழுக்க அதுதான்.

ஐயா, வீட்டு முன்னால் 200 சதுர அடிக்கு அரை அடி ஆழம் செம்மண் கொட்டிப் புல் போடப் போகிறோம். மைத்துனரிடம் டாடா ஏஸ் (சின்ன யானை) இருக்கிறது. "பாடி மட்டத்துக்குப் போட்டா மூணே நடைதான்" என்கிறார். சரியா?
– ராசிபுரம் வாசகர்

அளவில் சரி, எடையில் தப்பு.

200 சதுர அடிக்கு அரை அடி என்றால் 100 கன அடி. அதாவது ஒரு யூனிட். ஏஸ் பாடி ஏழடிக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், பக்கப் பலகை ஓரடி. மட்டத்துக்கு நிரப்பினால் 34, 35 கன அடி பிடிக்கும். மூன்று நடையில் முடியும் போலத்தான் தெரியும். ஆனால் வண்டிக்குக் கன அடி தெரியாது, கிலோதான் தெரியும்.

காய்ந்து உதிரியாக இருக்கும் செம்மண் கன அடிக்கு ஏறத்தாழ 35 கிலோ. மழையில் ஊறிவிட்டால் 45-ஐத் தாண்டும். பாறையை உடைத்துச் செய்யும் எம் சாண்ட் 45 முதல் 50 வரை. முக்கால் அங்குல ஜல்லியும் அதற்குப் பக்கத்தில்தான். ஆக, மட்டத்துக்கு நிரப்பினால் காய்ந்த மண்ணே 1,200 கிலோ. ஈர மண்ணோ எம் சாண்டோ என்றால் ஒன்றரை டன்னுக்கு மேல். ஏஸ் சுமக்க வேண்டியது முக்கால் டன். பார்வைக்கு "அளவாத்தான ஏத்தியிருக்கு" என்று தோன்றும் லோடு, வண்டிக்கு இரண்டு மடங்குச் சுமை.

வண்டியின் பதிவுச் சான்றை, அதாவது ஆர்சி-யை எடுத்துப் பாருங்கள். அதில் மொத்த எடை ஒன்றும் வெற்று எடை ஒன்றும் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடியது. வெற்று எடையில் டிரைவரோ உதவியாளோ சேர்த்தியில்லை. மைத்துனரும் லோடுமேனும் ஏறி உட்கார்ந்தாலே 130 கிலோ போய்விடும். மண்வெட்டி, சட்டி, ஸ்டெப்னி அடியில் கிடக்கும் பழைய இரும்பு எல்லாம் அதே கணக்கில்தான்.

என் வழக்கம் இது: எம் சாண்ட் என்றால் பக்கப் பலகையில் பாதிக்குக் கீழே சாக்பீஸால் ஒரு கோடு. அதற்கு மேல் ஒரு சட்டி விழாது. ஈர மண்ணுக்கும் அதே கோடு. காய்ந்த மண்ணுக்கு அதைவிட இரண்டு விரல் மேலே. கண்ணளவில் நம்பிக்கை இல்லையென்றால் சிமெண்ட் சாக்கில் மண்ணை அள்ளி, ஒரு சாக்கைப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் வையுங்கள். பிறகு சாக்கு எண்ணிக்கைதான் கணக்கு.

உங்கள் வேலைக்குக் காய்ந்த மண்ணாக இருந்தால் ஐந்தாறு நடை ஆகும். ஈர மண் என்றால் ஏழெட்டு. தெருவுக்குள் சின்ன டிப்பர் வருமென்றால் ஒரு யூனிட்டை அதில் ஒரே தடவையில் கொட்டச் சொல்லிவிடுவது மேல். மைத்துனர் வண்டியைச் செடிக்கும் தொழு உரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, நான் சிறிய நர்சரி நடத்துகிறேன். அலங்காரக் கல்லும் கடப்பா பலகையும் அடிக்கடி ஏற்ற வேண்டியிருக்கிறது. எடை அளவோடுதான் வைக்கிறோம். ஆனாலும் மேட்டில் ஏறும்போது வண்டி முன்னால் லேசாகிற மாதிரி இருக்கிறது. பிரமையா?
– ஓசூர் வாசகி

பிரமை இல்லை தங்கச்சி. தயவுசெய்து இன்றே கவனியுங்கள்.

2014-ல் ஏற்காட்டில் ஒரு வீட்டுக்குக் கல் தோட்டம். கருங்கல் உருண்டைகள் ஏற்றினோம். தண்ணீர்க் குடம் அளவு கருங்கல் ஒன்று 40 கிலோ இருக்கும். அப்போது எனக்கு அது தெரியாது. குத்துமதிப்பாக 20 கிலோ என்று நினைத்து 24 கல் ஏற்றினேன். தூக்கி உள்ளே தள்ளச் சிரமமாக இருந்ததால் பெரிய கற்களெல்லாம் பின் கதவு ஓரத்திலேயே நின்றுவிட்டன. கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை ஒன்றும் தெரியவில்லை. மலைப்பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவதில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தேன். கையில் கனமே இல்லை. சக்கரம் திரும்பியிருக்கிறது, வண்டி திரும்பவில்லை, தடுப்புச் சுவரைப் பார்த்து நேராகப் போகிறது. பிரேக்கை மிதித்துவிட்டுத் திரும்ப எடுக்கையில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. கல் எல்லாம் பின்னால் சரிந்து கதவில் மோத, ஒரு பக்கக் கொண்டி விட்டுப்போனது. மூன்று கல் ரோட்டில் உருண்டன. லோடு மேல் உட்கார்ந்து வந்த பையன் குதித்தான். நான்காவது கல் அவன் வலது பாதத்தில் விழுந்தது. பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையோடு வந்தவர்கள் ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டார்கள். பையனுக்குப் பாதத்தில் இரண்டு எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு. இன்றைக்கும் அவனால் ரொம்ப நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செடி நட முடியாது. ஆளை லோடு மேல் ஏற்றிக் கூட்டிப் போனது நான். கல்லை நகர்த்தி வைக்காமல் விட்டதும் நான்தான்.

என்ன நடந்தது என்றால், பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் எடை கிணற்று ஏற்றம் மாதிரி வேலை செய்கிறது. வால் தாழ்ந்தால் தலை தூக்கும். அச்சு நடுவே தாங்கு மரமாக நிற்கிறது. முன் சக்கரம் ரோட்டை அழுத்தினால்தான் ஸ்டியரிங் பிடிக்கும், முன் பிரேக்கும் பிடிக்கும். சமதளத்தில் தப்பித்துவிடுகிற லோடு, மேட்டில் இன்னும் பின்னால் சாயும்.

கனமான கல்லை முதலில் ஏற்றுங்கள். பாடியின் முன் சுவரை ஒட்டி ஆரம்பித்து, பின் அச்சு வரை வந்ததும் நிறுத்துங்கள். அதற்குப் பின்னால் சின்னக் கல்லோ தொட்டியோ போதும். உருண்டைக் கல்லுக்கு அடியில் மணல் சாக்கு இரண்டு, பின்பக்கம் குறுக்கே ஒரு மரக்கட்டை அணைப்பு. கடப்பா பலகையைப் படுக்க வைத்தால் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது விரிசல் விட்டுவிடும். நிமிர்த்தி, முன் சுவரில் லேசாகச் சாய்த்து, இடையிடையே சணல் சாக்கு வைத்து, ராட்செட் பெல்ட்டால் இறுக்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி, ஓரங்குல கனம் உள்ள பலகை ஒன்று 25 கிலோ. ஓட்டுபவரும் உதவியாளும் ஏறினால், இருபத்துநாலு பலகை வைத்ததும் ஏஸ் நிறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், பாடியில் எவ்வளவு இடம் காலியாகத் தெரிந்தாலும். முதல் ஐந்து கிலோமீட்டரில் ஒருமுறை இறங்கிப் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். கட்டாயம் தளர்ந்திருக்கும்.

அச்சுக்கு மேல் சுமை தாங்கும் ஸ்பிரிங்கான கமான் பட்டையைக் கூடுதலாகப் போட்டால் ஒன்றரை டன் தாங்கும் என்று மெக்கானிக் சொல்கிறார். போடலாமா?
– நாமக்கல் வாசகர்

வேண்டாம். பட்டை கூடினால் வண்டி உட்காராது, அவ்வளவுதான். பிரேக் அதே பிரேக், பன்னிரண்டு அங்குலச் சக்கரம் அதே சக்கரம், அச்சும் பேரிங்கும் சேசிஸும் அதேதான். எடை இரண்டு மடங்கானால் வண்டியை நிறுத்தப் பிரேக் உறிஞ்ச வேண்டியதும் இரண்டு மடங்கு. அத்தனையும் சூடாகத்தான் மாறும். பட்டை போடாத வண்டி பின்னால் அமுங்கி "போதும்" என்று காட்டும். பட்டை போட்டால் அந்த ஒரு எச்சரிக்கையும் போய்விடும். வெறும் வண்டியாக வரும்போது வேறு துள்ளும். நிஜமாகவே ஒன்றேகால், ஒன்றரை டன் வேலை தினமும் இருந்தால் தோஸ்த், பொலேரோ பிக்கப் மாதிரி அதற்கென்றே கட்டிய வண்டிக்கு மாறுங்கள்.

அதிக லோடுக்கு அபராதம் எவ்வளவு? வேறு என்ன காகிதம் கேட்பார்கள்?
– கரூர் வாசகர்

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய். அதோடு கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மிச்ச லோடை அங்கேயே இறக்கும் செலவும் நம்முடையது. மண், ஜல்லி, எம் சாண்ட் எது ஏற்றினாலும் நடைச்சீட்டும் (கொண்டுபோவதற்கான அனுமதிச் சீட்டு) வாங்கின இடத்து ரசீதும் கையில் இருக்கட்டும். சீட்டு இல்லையென்றால் வண்டியையே பிடித்து வைப்பார்கள். படுதா போட்டுக் கட்டாமல் கிளம்பாதீர்கள். பறக்கிற எம் சாண்ட் பின்னால் வரும் பைக்காரர் கண்ணில்தான் விழும்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கல் இறக்குகிறேன். பாதி வழியில் கருகல் வாசனை வருகிறது.
– நீலகிரி வாசகர்

பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. உடனே ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் அணை கொடுத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். எந்தக் கியரில் அந்த மேட்டை லோடோடு ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது. ஊருக்கு வந்ததும் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

அண்ணா, நான் வாடகை வண்டி ஓட்டுகிறேன். பார்ட்டி எல்லாம் "இன்னும் பத்துச் சட்டி போடு தம்பி, ஒரே நடையில முடிச்சிரு" என்கிறார்கள். மறுத்தால் வேறு வண்டிக்குப் போய்விடுகிறார்கள். என்ன சொல்வது?
– தர்மபுரி வாசகர்

தம்பி, இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான கேள்வி. நானும் சொல்ல முடியாமல் ஏற்றியவன்தான். அந்தப் பையன் பாதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

வாடகை பேசும்போதே நடைக் கணக்கில் பேசுங்கள். "முழு வேலைக்கு இவ்வளவு" என்று ஒத்துக்கொண்டால் நடையைக் குறைக்கத்தான் நம் மனசே சொல்லும். "என் வண்டிக்கு எம் சாண்ட் இத்தனை சாக்கு, உங்க வேலைக்கு இத்தனை நடை, நடைக்கு இவ்வளவு" என்று முதலிலேயே சொல்லுங்கள். பக்கத்தில் போகும் நடைகளுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், பரவாயில்லை. கிளட்ச், டயர், பேரிங் மிச்சமாவதில் அது திரும்பி வந்துவிடும். ஒரு தடவை முழு லோடோடு எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி, ஆர்சி நகலோடு சேர்த்து வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சைக் கேட்காதவர்கள் அச்சடித்த எண்ணைப் பார்ப்பார்கள்.

சிலர் போகத்தான் போவார்கள். போகட்டும். அஸ்தம்பட்டியில் ஒருவர் அந்தச் சீட்டைப் பார்த்து முகம் சுளித்து வேறு வண்டி பிடித்தார். அடுத்த வருஷம் மாடித் தோட்டத்துக்காகக் கூப்பிட்டவர், வாடகை எவ்வளவு என்று கேட்கும் முன் "எத்தனை நடைப்பா ஆகும்?" என்றுதான் கேட்டார்.