சாக்லேட் சிலையை வரைந்தது நீங்கள், படம் யாருடையது?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு நலச்சங்கம் டிசம்பர் கடைசியில் இனிப்புத் திருவிழா நடத்தியது. சாக்லேட் சிலை, மாதாகோயில் வடிவத்தில் கேக், சர்க்கரைப் பூக்கள் என்று ஏகப்பட்ட வேலைப்பாடு. "வந்து உட்கார்ந்து வரைந்து கொடுங்கள், மூவாயிரம் தருகிறோம்" என்று செயலாளர் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். பேனாவும் வாட்டர்கலரும் வைத்து 14 படங்கள் வரைந்தேன். அவற்றை நாட்காட்டியாகப் போட ஆசை. ஓர் இனிப்புக் கடைக்காரர் தன் பெட்டி மேல் அச்சிடவும் கேட்கிறார். கேக் செய்த அக்காவோ, "என் கேக்கை வைத்து நீ காசு பார்க்கக் கூடாது" என்கிறார். இதற்கிடையில் ஒருவர், "ஒரு படத்துக்கு 4,500 ரூபாய் கொடுங்கள், பதிப்புரிமை வாங்கித் தருகிறேன்" என்று ஒரு தாளில் கையெழுத்து கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

பதிப்புரிமை யாரும் "வாங்கித் தரும்" பொருளே இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை நீங்களாக வரைந்து முடித்த அந்த நேரத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு என்பது நாளைக்கு வழக்கு வந்தால் காட்டுவதற்கு ஒரு சான்று, கட்டாயம் இல்லை. அப்படியே பதிவு செய்ய விரும்பினாலும், ஓவியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் ஒன்றுக்கு 500 ரூபாய். உங்கள் 14 படத்துக்கும் சேர்த்து 7,000. அவர் கேட்பது 63,000. மீதி 56,000 எதற்கு என்று கேளுங்கள். "டெல்லியில் ஆள் இருக்கிறார்" என்று பதில் வந்தால் நடையைக் கட்டச் சொல்லுங்கள். இணையத்தில் படிவம் 14ஐ நிரப்பி நீங்களே அனுப்பலாம். வக்கீல் வேண்டும் என்ற விதி கிடையாது.

பணம் போவதுகூடப் பெரிதில்லை. அந்தத் தாள் என்ன தாள் என்பதுதான் கவலை. விண்ணப்பதாரர் ஒருவர், வரைந்தவர் வேறொருவர் என்றால், வரைந்தவரிடமிருந்து தடையில்லாச் சான்று இணைக்க வேண்டும். இடைத்தரகர்கள் நீட்டும் "சாதாரண ஒப்புதல் கடிதம்" பல நேரம் அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் கையெழுத்துப் போட்டதும் விண்ணப்பதாரர் என்ற இடத்தில் அவர் பெயரோ, அவர் கொண்டுவந்த அச்சகத்தின் பெயரோ ஏறிவிடும். அப்புறம் உங்கள் படத்தை நாட்காட்டியில் போட நீங்களே அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதுதான்.

இன்னொரு வித்தை, டைரி எண். விண்ணப்பம் போட்டதுமே ஓர் எண் வரும். அதைப் பதிவுச் சான்றிதழ் என்று காட்டி மீதிப் பணத்தைக் கறந்துவிடுவார்கள். அது வெறும் ரசீது எண். அதற்குப் பிறகு 30 நாள் ஆட்சேபணைக்காகக் காத்திருக்க வேண்டும், பிறகுதான் ஆய்வு. அந்த ஆய்வு எப்போது முடியும் என்று கேட்காதீர்கள். இணையதளத்தில் நிலவரம் மாதக்கணக்கில் ஒரே வரியில் நிற்கும். 500 ரூபாய்க் கட்டணத்தில் எளிய மக்களுக்காக வைத்த கதவு இது. அதைத் திறக்கப் பொறுமை இல்லாமல்தான் எல்லோரும் தரகர் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்கள். தபாலில் படத்தைத் தனக்கே அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்தால் போதும் என்பதும் சட்டத்தில் இல்லாத சடங்கு.

இனி உங்கள் உண்மையான சிக்கல். அது தரகரும் இல்லை, கேக் அக்காவும் இல்லை. செயலாளரின் அந்த வாட்ஸ்அப் செய்தி.

வரைந்தவரே முதல் உரிமையாளர் என்பது பொது விதி. ஆனால் பிரிவு 17, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணத்துக்காக வரைந்த ஓவியம், உருவப்படம் ஆகியவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர் என்கிறது. திருவிழா முடிந்த பிறகு மகிழ்ச்சியாக ஒரு சால்வையும் 3,000 ரூபாயும் கொடுத்திருந்தால் அது மரியாதை, படம் உங்களுடையது. முன்கூட்டியே தொகை பேசி வரையச் சொன்னதால் உங்கள் கதை வேறு. "நான் போட்டது கோட்டோவியம், சட்டம் சொல்வது வண்ண ஓவியமும் உருவப்படமும்தானே" என்று வாதாட இடம் உண்டு. சட்டம் வேறோர் இடத்தில் ஓவியத்தையும் கோட்டுப்படத்தையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு, இங்கே கோட்டுப்படத்தை விட்டிருக்கிறது. 2012இல் இத்தனை திருத்தம் செய்தவர்கள் இதைத் தெளிவாக்கியிருக்கலாம், செய்யவில்லை. நீங்கள் வண்ணமும் தீட்டியிருப்பதால் அந்த வாதத்தை நம்பி இறங்காதீர்கள்.

மருந்து எளிது. சங்கத்திடம் ஒரு தாள் வாங்குங்கள்: "எங்கள் இனிப்புத் திருவிழாவில் இன்னார் வரைந்த 14 படங்களின் (பட்டியல் இணைப்பு) பதிப்புரிமை முழுவதையும், அதன் முழுக் காலத்துக்கும், இந்தியா உட்பட எல்லா நாடுகளுக்கும், அவருக்கே மாற்றித் தருகிறோம். சங்கத்தின் ஆண்டு மலரிலும் அறிவிப்புகளிலும் அவர் பெயருடன் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளச் சங்கத்துக்கு அனுமதி உண்டு." தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட்டுத் தேதி போடட்டும். பதிவு செய்யாத சங்கம் என்றால், சங்க முத்திரையை நம்பாமல் மூவரும் தனித்தனியாக, முகவரியோடு போடட்டும்.

"முழுக் காலத்துக்கும்" என்ற சொல்லை விடாதீர்கள். காலம் எழுதாத உரிமை மாற்றத்துக்கு ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் பொருள் கொள்ளும். நாடு எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்தும் கையெழுத்தும் வேண்டும்.

இப்போது அக்காவின் கேக். கோபத்தில் சொன்னாலும் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது: கேக் உருவமும் சிற்பம் என்றால், அதன் பதிப்புரிமை அவருடையது. இங்கேதான் வரைபவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்.

கடற்கரையில் காந்தி சிலையை நீங்கள் வரையலாம், அச்சிடலாம், விற்கலாம். ஆயி மண்டபத்தையும் அப்படியே. பிரிவு 52 கட்டடங்களை வரைய விடுகிறது. பொது இடத்திலோ பொதுமக்கள் வந்துபோகும் இடத்திலோ "நிரந்தரமாக" அமைந்த சிற்பங்களையும் வரைய விடுகிறது. அந்த ஒற்றைச் சொல்தான் வில்லங்கம். சாக்லேட் சிலை நிரந்தரமா? புதுச்சேரிச் சாக்லேட் கடை ஒன்று 2019இல் விமானப்படை விமானி அபிநந்தனுக்கும் 2020இல் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கும் ஆளுயரச் சிலை வைத்தது நினைவிருக்கும். ஆயிரம் பேர் செல்ஃபி எடுத்தார்கள். ஆனால் ஏசி அறையில் சில வாரம் நிற்பதை நிரந்தரம் என்று எந்த வக்கீலும் துணிந்து சொல்ல மாட்டார். தெருத் திருவிழாவில் சாயங்காலம் வெட்டிப் பங்கு வைத்த கேக்குக்குக் கேட்கவே வேண்டாம். தின்று தீர்க்கச் செய்தது என்பதால் அது சிற்பம் இல்லை என்றும் ஆகாது. அச்சில் வார்த்ததும் மாதிரி உருவமும் சிற்பத்தில் சேரும். கலைத்தரம் இருக்கிறதா என்ற கேள்வியே சட்டத்தில் இல்லை. முப்பரிமாணப் பொருளைத் தாளில் காட்டுவதும் மறுபிரதிதான் என்று பிரிவு 14 தெளிவாகவே சொல்கிறது.

கடைக் கண்ணாடிக்குள் வருஷக்கணக்கில் நிற்கும் டம்மி கேக்? உள்ளே தெர்மாகோல், மேலே காய்ந்து இறுகிய ஐசிங். அதைத் திருவிழாவுக்குத் தூக்கிவந்து வைத்திருந்தால்? கடையில் நின்றபோது ஒருவேளை "நிரந்தரம்" என்று வாதிடலாம். ஆட்டோவில் ஏற்றிய பிறகு அந்த வாதம் கரைந்துவிடும். கடைக்காரர் வருஷம் ஒருமுறை அதை மாற்றுகிறவர் என்றால் கடையில் நின்றபோதும் சந்தேகம்தான். ஆக, இனிப்பில் செய்த உருவத்துக்கு இந்த விலக்கு கிடைக்காது என்று வைத்துக்கொண்டே வரையுங்கள்.

இதற்காகப் பேனாவைக் கீழே போட வேண்டாம். உங்கள் சொந்த நோட்டில் வரைவதும், நடந்த விழாவைச் செய்தியாகச் சொல்லும்போது போடுவதும் நியாயமான பயன்பாடு. விற்கும் நாட்காட்டியும் இனிப்புப் பெட்டியும் அதில் வராது. அதிரசம், சுழியம், கடையில் வாங்கிய அச்சில் வார்த்த சர்க்கரைப் பொம்மை, எல்லோரும் செய்யும் சர்க்கரை ரோஜா ஆகியவற்றின் உருவத்தை யாரும் தன் படைப்பு என்று உரிமை கொண்டாட முடியாது. தகராறு வருவது, ஒருவர் தன் கற்பனையில் உருவாக்கியதை நீங்கள் தாள் முழுக்க நிறைத்து வரையும்போதுதான். பாகு இழுக்கும் கைகள், வரிசையில் நிற்கும் பிள்ளைகள், தட்டு, பந்தல், நடுவில் எங்கோ அந்தக் கேக் என்று வரைந்தால் வம்புக்கு இடம் குறைவு. படமும் நன்றாக இருக்கும். மாதாகோயில் கேக் படத்துக்கு மட்டும் அக்காவிடம் எழுதி வாங்குங்கள்: எந்தப் படம், எந்த ஆண்டு நாட்காட்டி, எத்தனை பிரதி, அவருக்கு எவ்வளவு, "கேக் வடிவமைப்பு" என்று அவர் பெயர் எங்கே வரும். முதலிலேயே பெயர் போட்டிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. அடையாளம் தெரியும்படி முகம் வரைந்திருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம்.

அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது கால் தாள் அளவில் ஒப்புதல் சீட்டு இருபது அச்சடித்து நோட்டுக்குள் வையுங்கள். உருவம் செய்தவர் பெயர், என்ன செய்தார், "இதை வரைந்து அச்சிட்டு விற்கச் சம்மதம்", தேதி, கையெழுத்து. வரைந்து முடித்ததும் படத்தைக் காட்டி அங்கேயே வாங்குங்கள். படத்தைப் பார்த்து மகிழ்ந்த முகத்தோடு இருப்பவர் போடாத கையெழுத்தா?

இனிப்புப் பெட்டி தனிக் கதை. பொருளோடு சேர்த்துப் பயன்படும் ஓவியத்தைப் பதிவு செய்யக் கட்டணம் 500 இல்லை, 2,000. அதோடு, அதைப் போன்ற வணிகக்குறி (டிரேட்மார்க்) வேறு இல்லை என்று வணிகக்குறிப் பதிவகத்தின் தேடல் சான்றிதழும் வேண்டும். அதற்குக் கட்டணம் தனி. தரகர் இதைச் சொல்லாமல் 500 ரூபாய்த் தலைப்பில் போட்டு, திருப்பி அனுப்பப்பட்டதும் இன்னொரு தொகை கேட்பார். பெட்டிக்கு உரிமையை மாற்றித் தரவே வேண்டாம். உரிமம், அதாவது பயன்படுத்த அனுமதி மட்டும், கொடுங்கள்: இந்த ஒரு படம், இந்த அளவுப் பெட்டி, இரண்டு ஆண்டு, இத்தனை பெட்டி, இவ்வளவு தொகை. இதுவும் எழுத்தில்தான்.

அசல் தாளை யாரிடமும் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து வையுங்கள். பேசி முடியும்வரை நீளப்பக்கம் 1,000 பிக்சல் உள்ள பிரதி மட்டும் போகட்டும். திரையில் பார்க்க அது போதும், நாட்காட்டிக்குப் போதாது. ஏ4 அளவில் 300 டிபிஐ அச்சுக்கு 2,480க்கு 3,508 பிக்சல் வேண்டும். அந்தக் கோப்பு கையெழுத்தான ஒப்பந்தம் வந்த பிறகு. அசலையே விற்றாலும் தாள்தான் கைமாறுகிறது, பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். ரசீதில் அதை ஒரு வரி எழுதுங்கள்.

யாராவது கேட்காமல் அச்சிட்டுவிட்டால் டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடப் பிரிவு 62 இடம் தருகிறது. சங்கத்திடம் அந்தத் தாளை மட்டும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். நிர்வாகிகள் தேர்தல் முடிந்து புது ஆட்கள் வந்துவிட்டால் மூன்று கையெழுத்துக்கு முப்பது நடை நடக்க வேண்டியிருக்கும்.